ஓர் ஆட்டம்கூட ஆடாத பையனின் அட்டை

2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோல்டின் ஏல நிறுவனம், ஆட்டக்காரரின் படம் அச்சிட்டு சேகரிப்பவர்களுக்காக விற்கப்படும் பேஸ்பால் அட்டை ஒன்றை 4,74,000 டாலருக்கு விற்றது. அட்டையில் இருந்தவர் ஜாசன் டொமிங்கெஸ். டொமினிகன் குடியரசைச் சேர்ந்தவர், வயது 18. நியூயார்க் யாங்கீஸ் அணி அவரை ஒப்பந்தம் செய்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. ஆனால் கணக்கில் ஏறும் ஆட்டம் என்று ஒன்றைக்கூட அவர் அதுவரை ஆடவில்லை. உச்ச மட்டமான மேஜர் லீக்கில் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கில் இல்லை, புதுமுகங்களுக்கான அடிமட்ட லீக்கில்கூட இல்லை.

வளரும் ஆட்டக்காரர்களின் அட்டையில் பணம் போடலாமா என்று நியூஜெர்சியில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நான் சில வருடமாக இந்த அட்டைகளைச் சேர்ப்பது அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் மைக் ட்ரவுட் என்ற நட்சத்திர ஆட்டக்காரரின் அட்டை பல லட்சம் டாலருக்கு விற்ற கதையைக் கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். நான் டொமிங்கெஸ் கதையைச் சொல்லி அனுப்புவேன். காரணம், அவர் தோற்றுப்போன ஆட்டக்காரர் இல்லை. மேஜர் லீக்குக்கு வந்தார், முதல் பேட்டிங்கிலேயே பந்தை மைதானச் சுவருக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடித்தார், யாங்கீஸ் அணியில் ஒரு முழு சீசன் ஆடினார். பதினாறு வயதில் ஒப்பந்தம் ஆகும் பையன்களில் மிகப் பெரும்பாலானோர் இதில் கால்வாசிகூட எட்டுவதில்லை. இவ்வளவும் நடந்த பிறகும் அந்த 4,74,000 டாலருக்கு நியாயம் கிடைக்கவில்லை என்றால், அந்த விலைக்குள் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

பையன்

டொமிங்கெஸ் 2003 பிப்ரவரி 7 அன்று வால்வெர்டே மாகாணத்தின் எஸ்பெரான்சா என்ற ஊரில் பிறந்தார். அப்பா யாங்கீஸ் ரசிகர். அந்த அணியில் அப்போது ஆடிக்கொண்டிருந்த ஜேசன் ஜியாம்பியின் பெயரைத்தான் மகனுக்கு வைத்தார். அமெரிக்கப் பையன்கள் டிராஃப்ட் என்னும் தேர்வு முறையில் அணிகளுக்குப் போவார்கள். டொமினிகன், வெனிசுவேலா பையன்களுக்கு அந்த வரிசை கிடையாது. பதினாறு வயது ஆனதும் எந்த அணியோடும் நேரடியாக ஒப்பந்தம் போடலாம். அதற்காக ஒவ்வோர் அணிக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை உண்டு. 2019 ஜூலை 2, அந்த வருடத்து ஒப்பந்தக் காலம் திறந்த முதல் நாள். யாங்கீஸ் தன் தொகையில் ஏறக்குறைய முழுவதையும், 51 லட்சம் டாலரை, இந்த ஒரு பையனுக்கே கொடுத்தது.

புது ஆட்டக்காரர்களைத் தேடிப்போய்ப் பார்க்கும் ஸ்கவுட்டுகள் சொன்னதெல்லாம் சாதாரணப் பாராட்டு இல்லை. இடக்கையாலும் வலக்கையாலும் பேட் பிடிக்கிறான், ஓட்டம் இருக்கிறது, கை பலம் இருக்கிறது, பதினாறு வயதில் உடம்பு முப்பது வயது ஆள் மாதிரி இருக்கிறது என்றார்கள். ‘எல் மார்சியானோ’ என்று பட்டப்பெயரும் வந்தது. செவ்வாய்க்கிரகத்துக்காரன் என்று பொருள். பூமியில் பிறந்தவனால் இப்படி ஆட முடியாது என்ற வியப்பில் வைத்த பெயர்.

கூடவே இன்னொரு பெயரும் அடிபட்டது: மிக்கி மேண்டில். ஐம்பதுகளில் யாங்கீஸின் நடுக்களத்தில் ஆடியவர், இரண்டு கையாலும் அடித்தவர். விளையாட்டுப் பத்திரிகைகளுக்கு இது ஓர் ஒப்பீடு மட்டும்தான். அட்டை வாங்குகிறவர்களுக்கோ மேண்டில் என்ற பெயர் ஒரு விலைப்பட்டியல். 1952 டாப்ஸ் தொகுப்பில் வந்த அவரது அட்டை ஒன்று 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்கு விற்றது. அடுத்த வருடம் ஆகஸ்டில் அதே அட்டையின் இன்னொரு பிரதி 1.26 கோடி டாலருக்குப் போனது. ஒரு பதினாறு வயதுப் பையனை மேண்டிலோடு சேர்த்துப் பேசினால், அந்த விலைகளின் நிழலும் அவன்மேல் விழுந்துவிடுகிறது. அதுவும் நியூயார்க் அணி. அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் யாங்கீஸ் அட்டை வாங்க ஆள் இருக்கும்.

அட்டை

போமன் என்பது டாப்ஸ் நிறுவனத்தின் ஒரு வரிசை. போமன் முதலில் தனி நிறுவனமாக இருந்தது, 1956-இல் டாப்ஸ் வாங்கிக்கொண்டது. பெயர் பல வருடம் தூங்கியது, 1989-இல் மறுபடி எழுப்பினார்கள். 1997-இல் பளபளப்பான குரோம் பதிப்பு வந்தது. இன்றைக்கு இளம் ஆட்டக்காரர்களின் அட்டை என்றால் முதலில் வாயில் வருவது போமன் குரோம்தான். ஒருவருடைய முதல் போமன் அட்டையில் ‘1ஸ்ட்’ என்று ஒரு சின்ன முத்திரை இருக்கும். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது அந்த முத்திரையைத்தான்.

இங்கே புதிதாக வருகிறவர்கள் குழம்பும் ஓர் இடம் உண்டு. 2006 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, ஒருவர் மேஜர் லீக்கில் ஆடிய பிறகு வரும் அட்டைதான் அதிகாரபூர்வ ‘ரூக்கி’ அட்டை. அதில் ஆர்.சி. என்ற முத்திரை இருக்கும். அதற்கு முன்பே வரும் முதல் போமன் அட்டை ரூக்கி கணக்கில் சேராது. ஆனாலும் சந்தையில் கையெழுத்திட்ட முதல் போமன் அட்டைக்குத்தான் மதிப்பு அதிகம். யார் முந்தி வாங்கினார்கள் என்பதில்தான் இந்த ஆட்டமே இருக்கிறது.

ஒரே படம், ஒரே கையெழுத்து. ஆனால் பல நிறங்களில் அச்சாகும். எண்ணிக்கை போடாத சாதாரண கையெழுத்து அட்டை அடியில் இருக்கும். அதற்கு மேலே ரிஃப்ராக்டர் 499 பிரதி, ஊதா 250, நீலம் 150, பச்சை 99, தங்கம் 50, ஆரஞ்சு 25, சிவப்பு 5. உச்சியில் ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் சூப்பர்ஃப்ராக்டர். பின்னணி முழுக்க சுழல் கோலமிட்ட தங்க நிறம், ஓரத்தில் ‘1/1’ என்ற அச்சு. கோல்டினில் விற்றது 2020 போமன் தொகுப்பில் வந்த டொமிங்கெஸின் சூப்பர்ஃப்ராக்டர்.

என்னிடம் இருப்பது அதே வருடத்துக் காகித அட்டை. கையெழுத்து இல்லை, பளபளப்பும் இல்லை. நியூஜெர்சியில் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்த அட்டைச் சந்தையில் சில டாலருக்கு வாங்கினேன். கடைக்காரர் மெல்லிய உறையில் போட்டு, அதைக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகிக் கொடுத்தார். என் மகனுக்கு அப்போது பத்து வயது. வாங்கியதும் அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பினான். ஆட்டக் கணக்கு இருக்கும் இடத்தைத்தான் அவன் எப்போதும் முதலில் பார்ப்பான்.

“அப்பா, இதுல ரன் கணக்கே இல்லையே?”

“அவன் இன்னும் ஆடவே இல்லடா, அந்த அட்டை வந்தப்போ.”

“அப்போ எப்படி நல்லா ஆடுவான்னு தெரியும்?”

பக்கத்து மேசையில் அதே பையனின் கையெழுத்திட்ட நீல நிற அட்டை கண்ணாடிக்குள் இருந்தது. சாய்த்துப் பார்க்கும்போது ஓரமெல்லாம் வானவில் ஓடியது. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு மகனை அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லை.

2020

டொமிங்கெஸின் முதல் அட்டைகள் 2020 வசந்தத்தில் வெளியாயின. அதே நேரத்தில் கொரோனா. எல்லோரும் வீட்டில் அடைபட்டார்கள். அரசு ஆளுக்கு 1,200 டாலர் அனுப்பியது. பழைய பெட்டிகள் பரணிலிருந்து இறங்கின, அட்டை விலைகள் ஏறத் தொடங்கின. 2021 மார்ச் இறுதியில் அட்டைகளைத் தரம் பார்த்து மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனம், குவிந்துவிட்ட அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் தன் பெரும்பாலான சேவைகளைக் கொஞ்ச காலம் நிறுத்தியது. அந்த மே மாதம் விஸ்கான்சினில் ஒரு டார்கெட் கடையின் வாகன நிறுத்தத்தில் அட்டைக்காக அடிதடி நடந்தது. டார்கெட் தன் கடைகளில் விளையாட்டு அட்டை விற்பதையே நிறுத்திவைத்தது. சந்தை அவ்வளவு சூடாக இருந்தது.

2020 போமன் பெட்டி ஒன்றில் 24 பாக்கெட், பாக்கெட்டுக்குப் பத்து அட்டை. மொத்தம் 240 அட்டையில் கையெழுத்திட்டது ஒன்று வரும் என்பதுதான் உத்தரவாதம். அது யாருடைய கையெழுத்து என்பது அதிர்ஷ்டம். பெட்டியை நேரலையில் பிரித்துக் காட்டுகிறவர்கள் அணிவாரியாகப் பங்கு விற்பார்கள். யாங்கீஸ் பங்கு வாங்கியவருக்கு யாங்கீஸ் அட்டைகள் எல்லாம். அந்த வருடம் யாங்கீஸ் பங்கின் விலைக்கும் மற்ற அணிகளின் விலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். யாங்கீஸ் பங்கு என்றால் டொமிங்கெஸ் என்றே பொருள் கொண்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு நாள். 2020 ஜூன் 30 அன்று மைனர் லீக் சீசன் முழுவதும் ரத்து என்று அறிவித்தார்கள். டொமிங்கெஸ் முதல்முறையாகக் களமிறங்க வேண்டிய வருடம் அது. சாதாரண வருடமாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? பதினேழு வயதுப் பையன் இருபது வயதுக்காரர்களின் பந்துவீச்சை எதிர்கொண்டிருப்பான். சில நாள் அடித்திருப்பான், பல நாள் பந்தை அடிக்க முடியாமல் ஸ்டிரைக் அவுட் ஆகியிருப்பான். வாரா வாரம் கணக்கு வந்திருக்கும். விலை அதைப் பார்த்து மூச்சு வாங்கியிருக்கும். கிரிக்கெட்டில் ரஞ்சி ஸ்கோர் வருவதுபோல ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்திருக்கும்.

அந்த வருடம் அப்படி எதுவும் வரவில்லை. பயிற்சிக்கூடத்தில் பந்தை அடிக்கும் சின்ன வீடியோக்கள், புஜம் பெருத்த புகைப்படங்கள், அவ்வளவுதான். அவர் தவறு செய்ய ஓர் இடமும் இல்லை. அதனால் விலை இறங்க ஒரு காரணமும் இல்லை. ஏறுவதற்கு மட்டும் தினமும் ஒரு வீடியோ கிடைத்தது. அந்தப் பன்னிரண்டு மாத வெறுமைதான் 4,74,000 டாலரின் பெரும்பகுதியை எழுதியது என்பது என் கணிப்பு.

ட்ரவுட் கணக்கு

சரி, அந்த விலை அதிகமா குறைவா என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் வைக்க இன்னொரு சூப்பர்ஃப்ராக்டர் வேண்டும்.

2009 டிராஃப்டில் முதல் ஆளாக வாஷிங்டன் அணி எடுத்தது ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் என்ற பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை. அதற்கு முந்தைய பல வருடங்களில் அப்படி ஒரு பிட்சர் வரவில்லை என்றார்கள். அதே டிராஃப்டில் 25-ஆவது ஆளாக ஏஞ்சல்ஸ் அணி எடுத்தது நியூஜெர்சியின் மில்வில் ஊர்ப் பள்ளி மாணவர் மைக் ட்ரவுட்டை. தேர்வு நாளன்று செகாகஸில் இருந்த தொலைக்காட்சி அரங்குக்கு நேரில் வந்த ஒரே ஆட்டக்காரர் அவர்தான். மற்ற பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.

2010 மே மாதம், ஸ்ட்ராஸ்பர்க் மேஜர் லீக்கில் இறங்குவதற்கு முன்பே, அவருடைய சூப்பர்ஃப்ராக்டர் ஈபேயில் 16,403 டாலருக்கு விற்றது. அந்தக் காலத்தில் அது பெரிய செய்தி. ஜூன் 8 அன்று முதல் ஆட்டத்தில் ஏழு இன்னிங்ஸில் 14 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். வாங்கியவருக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்காது. ஆகஸ்டில் முழங்கை போயிற்று. செப்டம்பரில் முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சை. பிறகு திரும்பி வந்தார், மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் 2019-இல் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். அதையொட்டி ஏழு வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அந்த ஒப்பந்தத்தில் அவரால் எட்டு ஆட்டங்களைத்தான் தொடங்க முடிந்தது. 2024-இல் ஓய்வு பெற்றார். பிட்சரின் அட்டை வாங்குவது என்றால் ஒரு முழங்கையை வாங்குவது என்று அட்டைக்காரர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

ட்ரவுட் அட்டையை முதலில் யாரும் பெரிதாகத் தேடவில்லை. 2011-இல் மேஜர் லீக்குக்கு வந்தார். 40 ஆட்டம், பேட்டிங் சராசரி 0.220, அதாவது நூறு வாய்ப்பில் 22 ஹிட்தான். அத்தோடு விற்றுவிட்டு நகர்ந்தவர்கள் உண்டு. 2012-இல் சிறந்த புதுமுகம், 2014, 2016, 2019-இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது. அவருடைய 2009 போமன் குரோம் சூப்பர்ஃப்ராக்டரை 2018-இல் லாஸ் வேகாஸைச் சேர்ந்த ஒரு பந்தயக்காரர் நான்கு லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 2020 ஆகஸ்டில் கோல்டின் ஏலத்தில் அது 39.36 லட்சம் டாலருக்குப் போனது. ஹோனஸ் வாக்னர் என்ற பழங்கால ஆட்டக்காரரின் நூற்றாண்டு பழைய அட்டை வைத்திருந்த விலைச் சாதனை அன்று உடைந்தது.

இப்போது இரண்டையும் சேர்த்து வையுங்கள். இரண்டு எம்விபி வென்ற பிறகு, தன் தலைமுறையின் சிறந்த ஆட்டக்காரர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு, 2018-இல் ட்ரவுட்டின் ஒரே பிரதிக்கு நான்கு லட்சம். ஓர் ஆட்டமும் ஆடாத டொமிங்கெஸின் ஒரே பிரதிக்கு 4.74 லட்சம். நடுவில் சந்தையே பல மடங்கு ஏறியது உண்மை. அதைக் கழித்தாலும் அந்தத் தூரம் என்னை உறுத்துகிறது.

இன்னொரு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம். டொமிங்கெஸ் ட்ரவுட் ஆவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு என்று தாராளமாகவே வைப்போம். ட்ரவுட்டின் உச்ச விலையில் பத்தில் ஒன்று 3,93,600 டாலர். கொடுத்த விலைக்கு அதுவே பத்தவில்லை. மிச்சம் எண்பதாயிரம் டாலரை, அவர் சுமாரான ஆட்டக்காரராக முடிந்தாலும் அட்டைக்குக் கிடைக்கும் விலைதான் ஈடுகட்ட வேண்டும். அதற்கு மேல்தான் லாபம். தவிர, பதினெட்டு வயதுப் பையன் எவனுக்கும் ட்ரவுட் ஆக பத்தில் ஒரு வாய்ப்பு கிடையாது. வரலாற்றில் அப்படிப்பட்டவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு.

ஆக, அந்த விலைக்குள் ஒரு முழு நட்சத்திர வாழ்க்கை முன்கூட்டியே அடைக்கப்பட்டிருந்தது. பையன் நல்ல ஆட்டக்காரராக வந்தால் மட்டும் விலை நிற்காது. எல்லோரும் நினைத்ததைவிட மேலாக வந்தால்தான் ஏறும். எல்லோரும் நினைத்ததோ மேண்டில்.

கணக்கு வரத் தொடங்கியது

2021 ஜூனில் டொமிங்கெஸ் முதல்முறையாக மைனர் லீக்கில் களமிறங்கினார். ஜூலையில் டென்வரில் வளரும் ஆட்டக்காரர்களுக்காக நடந்த ஃபியூச்சர்ஸ் ஆட்டத்துக்கு 18 வயதிலேயே அழைப்பு. சீசன் முடிந்தபோது பேட்டிங் சராசரி 0.252, ஹோம் ரன் ஐந்து. ஒரு வருடம் முழுக்க ஆட்டமே இல்லாமல் இருந்த பதினெட்டு வயதுக்காரனுக்கு இது நல்ல தொடக்கம் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். அட்டைக்காரர்கள் அப்படிப் படிக்கவில்லை. ‘மிகைப்படுத்தப்பட்டவன்’ என்ற சொல் அந்த இலையுதிர் காலத்தில் எங்கும் கேட்டது.

இது எனக்கு இன்னும் வருத்தம் தரும் விஷயம். அவர் யாருக்கும் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை. தன் அட்டைக்கு விலை வைத்தது அவர் இல்லை, அது கைமாறிய விலையில் அவருக்கு ஒரு காசும் இல்லை. வீட்டை விட்டு வந்து, புது மொழி பழகி, தினமும் தன்னைவிட மூத்தவர்களின் பந்தைச் சந்திக்கும் ஒரு பையன்மேல் முகம் தெரியாத ஆட்களின் பணம் உட்கார்ந்திருந்தது. அவர் அடிக்காத ஒவ்வொரு பந்துக்கும் எங்கோ ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்.

2022-இல் அவர் மைனர் லீக்கின் மூன்று மட்டங்களில் ஏறி 16 ஹோம் ரன் அடித்தார், 37 முறை பேஸ் திருடினார், அதாவது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அதற்குள் பொதுச் சந்தையே இறங்கத் தொடங்கியிருந்தது. ஆட்டம் ஏறுகிறது, அட்டை இறங்குகிறது. பங்குச் சந்தையில் இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு வியப்பு இருக்காது. அட்டையில் புதிதாக வந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

2023 கோடையில் அவர் யாங்கீஸின் மைனர் லீக் அணியான சாமர்செட் பேட்ரியட்ஸில் ஆடினார். மைதானம் பிரிட்ஜ்வாட்டரில், எடிசனில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம். மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஆட்டக்காரர்களுக்கும் நமக்கும் நடுவில் ஒரு வேலிதான். தொலைக்காட்சியில் தெரியாத ஒன்று அன்று தெரிந்தது. அவர் உயரமான ஆள் இல்லை. தோளும் தொடையும் மட்டும் யாரோ தனியாகச் செய்து பொருத்தியதுபோல இருந்தன. இடக்கையால் அடித்தபோது பேட்டில் பட்ட சத்தம் மற்றவர்கள் அடித்த சத்தத்திலிருந்து வேறாகக் கேட்டது. அடுத்து இடக்கை பிட்சர் வந்தார், டொமிங்கெஸ் வலக்கைப் பக்கம் மாறி நின்றார். அந்தச் சத்தம் வரவில்லை. இரண்டு முறை பந்தைத் தவறவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினார். ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பின்னாளில் கணக்கும் அன்று நான் பார்த்ததையேதான் சொன்னது.

2023 செப்டம்பர் 1, ஹியூஸ்டன். யாங்கீஸ் சட்டையில் முதல் பேட்டிங். எதிரே ஜஸ்டின் வெர்லாண்டர், 40 வயது, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை மூன்று முறை வென்றவர். டொமிங்கெஸ் அடித்த பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டியது. முதல் பேட்டிங்கில் ஹோம் ரன் அடித்த மிக இளைய யாங்கீஸ் ஆட்டக்காரர் ஆனார். எட்டு ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன். அந்தப் பத்து நாளில் அட்டைகள் பறந்தன. இரண்டு வருடம் மேசையில் தூங்கிய அட்டைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். வாங்கியவர்களில் பலர் 2021-இல் நட்டத்தோடு விற்றவர்களாகவே இருந்திருக்கலாம் என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

செப்டம்பர் 10 அன்று வலது முழங்கைத் தசைநார் கிழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். 20-ஆம் தேதி டாமி ஜான் அறுவை சிகிச்சை. விலை ஏறிய வேகத்திலேயே இறங்கியது. மொத்தம் பத்து நாள். அந்தப் பத்து நாளில் விற்றவர்கள் தப்பித்தார்கள். முந்தைய இரண்டு வருட சரிவில் வாங்கி, அந்த வாரத்தில் விற்றவர்கள் நல்ல லாபமே பார்த்தார்கள். இளம் ஆட்டக்காரர்களின் அட்டையில் பணம் பண்ணுகிறவர்கள் உண்மையில் செய்வது இதுதான்: யாரும் கவனிக்காதபோது வாங்கி, மேஜர் லீக்குக்கு அழைப்பு வந்த வாரத்தில் விற்றுவிடுவது. அந்த ஆளின் வாழ்க்கை எப்படிப் போகும் என்று காத்திருப்பதில்லை.

கையில் நிற்கும் பணம்

ஏல விலையைப் பார்த்துக் கனவு காண்கிறவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. செய்தியில் வரும் ஏல விலையில் வாங்குபவர் தரும் பிரீமியமும் சேர்ந்திருக்கும். கோல்டினில் அப்போது அது 20 சதவீதம். 4,74,000 டாலர் என்றால் சுத்தியல் விழுந்தது 3,95,000-இல். சின்ன அட்டையை ஈபேயில் விற்றாலும் கட்டணம் ஏறத்தாழ 13 சதவீதம் போகும். தரம் பார்க்கக் கொடுத்த காசு தனி. அமெரிக்க வருமான வரியில் சேகரிப்புப் பொருள்களுக்கு நீண்டகால லாப வரி 28 சதவீதம் வரை போகலாம், பங்குகளுக்கு உச்சம் 20 சதவீதம். அட்டை லாபப் பங்கும் தராது, வாடகையும் தராது. அடுத்தவர் அதிகம் கொடுத்தால்தான் உண்டு.

அப்புறம் அட்டை பெருகிக்கொண்டே இருக்கும். டொமிங்கெஸுக்கு 2020-க்குப் பிறகும் பல தொகுப்புகளில் அட்டை வந்தது. 2024-இல் அதிகாரபூர்வ ரூக்கி அட்டைகள் வேறு. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு ‘1/1’ இருக்கும். ஒரே பிரதி என்று பெயர், ஆனால் ஒரே பிரதிகள் பல. முதல் போமனின் மதிப்பு தனி என்று சொல்வார்கள். அது ஓரளவு உண்மைதான். வாங்குகிறவர்களின் கையில் இருக்கும் பணம் மட்டும் அத்தனை பங்காகப் பிரிகிறது.

டாப்ஸும் இந்த ஆசையின் திசையைப் பார்த்துவிட்டது. இப்போது மேஜர் லீக்கில் ஒருவர் முதல் ஆட்டத்தில் அணியும் சட்டையில் ஒரு சின்னத் துணி முத்திரை ஒட்டுகிறார்கள், பிறகு அதையே எடுத்து ஒரே ஓர் அட்டையில் பதிக்கிறார்கள். பால் ஸ்கீன்ஸ் என்ற பிட்சரின் அப்படிப்பட்ட அட்டை கலிஃபோர்னியாவில் ஒரு பதினொரு வயதுப் பையனுக்கு பாக்கெட்டில் கிடைத்தது. 2025 மார்ச்சில் 11 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. ஸ்கீன்ஸ் அதற்குள் ஒரு சீசன் ஆடி, சிறந்த புதுமுகம் விருதும் வாங்கியிருந்தார். விலை சரியா என்பது வேறு கேள்வி. ஆனால் அங்கே பார்க்க ஆட்டம் என்று ஒன்று இருந்தது.

முழங்கை சரியாகி வந்த டொமிங்கெஸ் 2025-இல் யாங்கீஸுக்கு 123 ஆட்டம் ஆடினார். சராசரி 0.257, பத்து ஹோம் ரன், 23 பேஸ் திருட்டு. வலக்கை பிட்சர்களை நன்றாகவே அடித்தார். இடக்கை பிட்சர்கள் வந்தால் தடுமாறினார். சீசன் கடைசியில் பெஞ்சில் உட்கார வேண்டி வந்தது. அப்போது அவருக்கு 22 வயது.

இளம் ஆட்டக்காரரின் அட்டையில் பணம் போட்டே தீர வேண்டும் என்கிறவரிடம் நான் சொல்வது: பத்துப் பெயர் எழுதுங்கள், அதில் எல்லோரும் பேசும் முதல் மூன்றை அடித்துவிடுங்கள். பிட்சர் இருந்தால் அவரையும். மிச்சம் இருப்பவர்களில் உங்களால் நேரில் போய்ப் பார்க்க முடிகிற ஆளைத் தேர்ந்தெடுங்கள். மைனர் லீக் டிக்கெட் மலிவு, மைதானம் பக்கத்திலேயே இருக்கும். தொலைந்தாலும் வீட்டுச் செலவு இடிக்காத தொகைக்கு வாங்குங்கள். அழைப்பு வரும் வாரத்தில் பாதியையாவது விற்றுவிடுங்கள்.

எங்கள் காகித அட்டையை மட்டும் விற்கவில்லை. விற்றாலும் ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் காணாது. மகன் அதைத் தன் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறான். 2025 சீசன் முழுக்கக் காலையில் எழுந்ததும் முந்தைய இரவு ஆட்டத்தின் கணக்கைத் திறந்து, டொமிங்கெஸ் இடக்கை பிட்சரிடம் எத்தனை முறை நின்றார், எத்தனை அடித்தார் என்று ஒரு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தான். அட்டையின் பின்பக்கத்தில் இல்லாத கணக்கு அந்த நோட்டில் இப்போது பதினாறு பக்கம் ஓடுகிறது.